மூன்று நாளும் விட்டுப்போன வாக்கியம்

தண்ணீர் சூடாக்கும் இயந்திரத்தைச் சுவரில் எப்படி மாட்டுவது, துணி துவைக்கும் இயந்திரத்தில் எந்தப் பொத்தானை முதலில் அழுத்துவது என்று பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் கிடக்குமே, அதைத் தமிழில் எழுதுகிறவன் நான். யாரும் அதைப் படிப்பதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பதினாறு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதிவருகிறேன். வேண்டாத சொல்லை வெட்டித் தள்ளுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று அலுவலகத்தில் பேச்சு. நானும் அதை மறுத்ததில்லை. நான் வெட்டிய ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன் என்பதால், என் பெருமையை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன்.

என் அக்கா கிட்டார் வாசிப்பவள். ஊரின் பெரிய நாடக அரங்கில் மேடைக்கு முன்னால் ஒரு பள்ளம் உண்டு. அதில் உட்கார்ந்து வாசிக்கும் பதினொரு பேரில் அவளும் ஒருத்தி. பார்க்க வருகிறவர்களுக்கு அவள் உச்சந்தலைகூடத் தெரியாது. மேலே கூத்தும் கும்மாளமுமாக நாடகம் நடக்கும்போது இவள் கீழே இருட்டில், ஒரு சின்ன விளக்கு வெளிச்சத்தில், தாளைப் புரட்டிப் புரட்டி வாசித்துக்கொண்டிருப்பாள். பதினான்கு வருடமாக அந்த நாற்காலி அவளுடையது. அவளை ஒரு தடவை அங்கே உட்கார்ந்திருக்கப் பார்த்தால் போதும், வேறு எங்கேயும் அவளை வைத்து யோசிக்கத் தோன்றாது.

இரண்டு மாதத்துக்கு முன் பாத்திரம் கழுவும்போது கண்ணாடித் தம்ளர் ஒன்று அவள் கையிலேயே உடைந்தது. வலது கட்டைவிரலின் கீழ்க்கணுவில் ஆறு தையல். தையல் பிரித்ததும் எல்லாரிடமும் "ஆறிடுச்சு, ஆறிடுச்சு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். இரண்டாவது வாரம், மேடையில் கதாநாயகி ஒரு வார்த்தை பேசாமல் அழுகிற இடம். அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறது. அக்காவின் கையிலிருந்து பிக் நழுவி கிட்டாரின் வயிற்றுக்குள் விழுந்து கடகடவென்று உருண்டது. கதாநாயகி அழுகையை மறந்து பள்ளத்தை எட்டிப் பார்த்தாளாம்.

பிக் என்றால் தெரியாதவர்களுக்காக: தந்தியைத் தட்டுவதற்குக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக்கொள்ளும் சின்னத் தகடு. பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் முனை, மற்ற இரண்டு பக்கமும் உருண்டையான தோள்.

அடுத்த வாரமும் அது நழுவியது. இசையை நடத்துகிறவர் கையில் எப்போதும் ஒரு கோல் இருப்பதால் அக்கா அவருக்குக் கோல்காரர் என்று பெயர் வைத்திருக்கிறாள். கெட்டவர் இல்லை, ஆனால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து முழு நாடகத்துக்கான வாசிப்பையும் தனியாக எனக்கு வாசித்துக் காட்டுங்கள், சரியாக இருந்தால் பழையபடி நாற்காலி உங்களுடையது, இல்லாவிட்டால் நான் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். சொன்னது வெள்ளிக்கிழமை. நடுவில் ஒரே ஒரு வாரம்.

பிக்கை மாற்றினால் சரியாகிவிடும் என்று அக்கா நம்பினாள். நல்ல பிக் வேண்டுமென்றால் ஊரின் மறுகோடியில் ஒரு கடை இருக்கிறது. அங்கே பேசுகிற மொழி வேறு. காய்கறி வாங்கவும் பேருந்தில் சில்லறை கேட்கவும் அக்காவுக்கு அந்த மொழி தெரியும். ஓசையைப் பற்றிப் பேச வராது. எனக்கு அந்த மொழி தண்ணீர் பட்ட பாடு. அதனால் என்னைக் கூப்பிட்டாள்.

கூப்பிட்டால் சும்மா போகிறவனா நான்? ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து கலைச்சொல் பட்டியல் ஒன்று தயாரித்தேன். பிக்குக்கு மீட்டுவில்லை. அந்த மொழியில் பளிச்சென்ற ஓசையை 'வெளிச்சம்' என்பார்கள், அதற்கு ஒளிர்தொனி. மெத்தென்ற ஓசையைச் 'சூடு' என்பார்கள், அதற்கு வெதுவெதுப்புத் தொனி. நான்கு பக்கம். பேருந்தில் அக்கா அதை வாங்கிப் பார்த்தாள்.

"வெதுவெதுப்புத் தொனியா? வெந்நீர் போடுற சாமானுக்கு எழுதினது மிச்சம் இருந்துச்சாடா?" என்றாள். அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டு, "மீட்டுவில்லைய சாப்பாட்டுக்கு முன்னாடி போடணுமா, பின்னாடியா?" என்று கேட்டாள். பக்கத்து இருக்கைக்காரர்கூடச் சிரித்தார். நான் பட்டியலைப் பிடுங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

கடை, செருப்புத் தைக்கும் கடைக்கும் சாவி செய்யும் கடைக்கும் நடுவே ஒடுங்கி நின்றது. உள்ளே ஒரு சுவர் முழுக்கத் தீப்பெட்டி அளவில் மர இழுப்பறைகள், இருநூறு முந்நூறு இருக்கும். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு துண்டுக் காகிதம். காகிதத்தில் கனமோ எண்ணோ இல்லை. ஆளுக்கொரு கையெழுத்து, ஊருக்கொரு எழுத்து. எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டது. ஒரு ஒழுங்கு வேண்டாமா?

கடைக்காரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். இதென்ன அடுக்கு என்று நான் கொஞ்சம் மிதப்பாகவே கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். ஒரே கனமுள்ள இரண்டு பிக் இரண்டு விதமாகப் பேசும், எண்ணை நம்பினால் ஏமாந்துபோவோம். அதனால் ஒருவருக்குச் சரியான பிக் கிடைத்ததும், இதை உங்கள் வாயால் என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டு, அவர் மொழியிலேயே எழுதச் சொல்லி ஒட்டிவிடுவாராம். பாதி எழுத்து அவருக்குப் படிக்கவே தெரியாது. ஆனால் எது யார் எழுதியது, என்ன சொல்லி எழுதினார் என்பது மனப்பாடம். ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ஒன்று 'நாய் வீட்டுக்குத் திரும்பும்போது'. ஒன்று 'ஈரத் தகரம்'. ஒன்று 'என் மாமனார் இருமல்'. இந்தக் கடைசியை எழுதியவர் வருடத்துக்கு இரண்டு தடவை வந்து அதையே வாங்கிப் போகிறாராம்.

நான் மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தால், அந்தச் சுவர் முன்னால் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

அது திங்கட்கிழமை. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, கடையின் கிட்டாரை மடியில் வைத்து ஒவ்வொரு பிக்காக வாசித்துப் பார்த்தாள். நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னாள். "முதல்ல நல்லாத்தான் இருக்கு. போகப்போக சளி பிடிச்சுக்குது. மூக்கை அடைச்சுட்டுப் பேசற மாதிரி ஆயிடுது. விரலுக்குத் தெரியலடா."

இதை அப்படியே ஒரு கடைக்காரரிடம் சொல்ல முடியுமா? சளி, மூக்கு என்று? பதினான்கு வருடம் அரங்கில் வாசிக்கும் கலைஞர் ஒருவர் பேசுகிற பேச்சா இது? நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஓசை சற்று மந்தமாக இருப்பதாக என் சகோதரி கருதுகிறார் என்றேன்.

"நான் இவ்வளவு சொன்னேன். நீ இத்தனூண்டு சொல்ற" என்றாள் அக்கா. சாரத்தைச் சொல்லிவிட்டேன் என்றேன்.

மந்தம் என்றதும் கடைக்காரம்மா இன்னும் கூர்மையாக ஒலிக்கும் பிக்குகளை எடுத்து வைத்தார். நான்கை வாங்கிக்கொண்டு வந்தோம். மறுநாளே அக்கா என்னை மறுபடி இழுத்துக்கொண்டு போனாள். இந்தத் தடவை, "கண்ணாடிய நகத்தால கீறற மாதிரி ஆரம்பிக்குது, அப்புறம் பார்த்தா மறுபடி சளி. விரலுக்குத் தெரியலடா" என்றாள். நான், மேல் ஓசைகள் கொஞ்சம் மிகுதி என்றேன். கடைக்காரம்மா புருவத்தைச் சுருக்கிக்கொண்டு மெத்தென்ற ஓசையுள்ளவற்றை எடுத்தார். அவர் நான் சொன்னதைத்தான் நம்பினார், நான் சொன்னது அரைகுறை. மெத்தென்றதும் சரிப்படவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

கடைசி வாக்கியத்தை ஏன் விட்டேன் என்று என்னையே கேட்டுக்கொண்டால் இரண்டு பதில் வருகிறது. அந்த மொழியில் 'விரலுக்குத் தெரியவில்லை' என்றால் குழந்தைப் பேச்சு மாதிரி இருக்கும், அதனால் விட்டேன் என்பது ஒன்று. அது என் தொழில் சொல்கிற பதில். இரண்டாவது பதில், அந்த வாக்கியத்தின் அர்த்தம் எனக்குப் புரிந்தே இருந்தது என்பது. தையல் பிரித்த இடத்துக்கு மேலே அவள் கட்டைவிரலுக்கு உணர்ச்சி வரவில்லை. அதை நான் வாய்விட்டுச் சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயந்தேன். சளி பிடித்ததைப் போலிருக்கிறது என்பதைச் சொல்ல வெட்கப்பட்டேன். இதைச் சொல்லப் பயந்தேன். இரண்டையும் வெட்டிவிட்டு, மொழிபெயர்த்துவிட்டதாக நிமிர்ந்து நின்றேன்.

புதன்கிழமை அக்கா பேருந்தில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். கிண்டல்கூடச் செய்யவில்லை. அவள் கிண்டல் செய்யாத நாள் எனக்கு நல்ல நாளே இல்லை. கடையில் ஏழு பிக் வாசித்துப் பார்த்தாள். ஏழாவதை மேசை மேல் வைத்துவிட்டு நீளமாக என்னவோ சொன்னாள், கடைசியில் அதே வாக்கியத்தையும் சொன்னாள். நான் வாயைத் திறந்தேன்.

கடைக்காரம்மா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு அவர் மொழியில் நிதானமாகச் சொன்னார்: "மூணு நாளா உங்க அக்கா பேசி முடிக்கும்போது கடைசியில ஒரே வாக்கியத்தைச் சொல்றாங்க. அதே ஏற்றம், அதே இறக்கம். நீங்க அதை எனக்கு ஒரு தடவைகூடச் சொல்லல. அது என்ன?"

தமிழில் 'வணக்கம்' கூடத் தெரியாத ஒரு பெண், நான் எதை விழுங்கினேன் என்பதை ஓசையை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். பதினாறு வருடத்தில் என் வேலையை இத்தனை கூர்ந்து கவனித்த ஆள் வேறு யாரும் கிடையாது. கோபம் வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை. காதைப் பிடித்து எழுப்பிவிட்டாற்போல் இருந்தது.

அவர் கேட்டதை முதலில் அக்காவிடம் சொல்ல வேண்டியிருந்தது.

"அக்கா, நீ கடைசியில சொல்றத நான் அவங்ககிட்ட சொல்லவே இல்ல."

"ஏன்டா?"

"பயமா இருந்துச்சு."

அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "எனக்கும்தான்டா பயம். ஆனா நான் சொன்னேன்ல" என்றாள்.

நான் கடைக்காரம்மா பக்கம் திரும்பி மூன்று நாள் பாக்கியையும் அப்படியே கொட்டினேன். சளி, மூக்கு, கண்ணாடியைக் கீறும் நகம், முதலில் நன்றாக இருந்து போகப்போகக் கெடுவது, கடைசியாக விரலுக்குத் தெரியாதது. அவர் சிரிக்கவில்லை. 'போகப்போக' என்கிற இடத்தில் மட்டும் ஓ என்றார். எட்டி அக்காவின் வலது கையைப் பிடித்து, ஒரு பிக்கின் முனையால் கட்டைவிரலின் நடுவில் குத்தினார். அக்கா அசையவில்லை. ஆள்காட்டி விரலில் குத்தினார். அக்கா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். இதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

அதற்கப்புறம் அவர் வேலை செய்ததைப் பார்க்க வேண்டும். பழைய பிக்கைக் கொடுத்து அக்காவை வாசிக்கச் சொல்லிவிட்டு, தரையில் குந்தி உட்கார்ந்து கண்ணெடுக்காமல் கையையே பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். பத்துப் பதினைந்து தட்டுக்குள் பிக் அவள் பிடிக்குள்ளேயே மெல்லத் திரும்பியது. முனை மேலே போய், மழுங்கிய தோள் தந்தியில் பட ஆரம்பித்தது. சளி பிடித்துவிட்டது. நமக்கெல்லாம் பிடி நழுவினால் கட்டைவிரல் தானாகவே நகர்த்திச் சரிசெய்துகொள்ளும். அக்காவின் கட்டைவிரலுக்கு அது நழுவுவதே தெரியாது. பாவம், மூன்று நாளும் அவள் அதைத்தான் சொல்லியிருக்கிறாள், ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இல்லாமல். ஓசையின் குறையை நான் என் நான்கு பக்கப் பட்டியலில் தேடிக்கொண்டிருந்தேன்.

கட்டைவிரலில் மோதிரம் போல மாட்டிக்கொள்ளும் பிக் ஒன்றை முதலில் கொடுத்தார். அதன் வளையம் சரியாகத் தழும்பின் மேல் உட்கார்ந்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு தட்டுத் தட்டிவிட்டுக் கழற்றினாள். கடைக்காரம்மா சுவர் முன்னால் நின்று யோசித்தார். அடியிலிருந்த ஓர் இழுப்பறையை இழுத்தார். அதன் நெற்றியில் காகிதமே இல்லை. உள்ளே பெரிதாக, தடியாக, மூன்று பக்கமும் ஒரே அளவில் ஒரு முக்கோணப் பிக். இதை யாரும் கேட்டதில்லை, பிடிக்க அகலம் என்று வைத்துவிடுவார்கள் என்றார்.

மேசைக்கு அடியிலிருந்து துளைபோடும் சின்னக் கைக்கருவியை எடுத்து, அக்காவின் ஆள்காட்டி விரல் நுனியை வைத்துப் பார்த்து, முக்கோணத்தின் நட்டநடுவில் ஒரு துளை போட்டார். உப்புத்தாளை மடித்து உள்விளிம்பைத் தேய்த்தார். ஊதினார். தன் விரல் நுனியை வைத்துப் பார்த்தார். திருப்தியில்லாமல் இன்னொரு தடவை தேய்த்தார். அப்புறம்தான் அக்காவிடம் நீட்டி, என்னைப் பார்த்து, இதை விடாமல் சொல்லுங்கள் என்றார்.

நான் விடாமல் சொன்னேன். "கட்டைவிரலுக்குத் தெரியாட்டி போகட்டும், அது சும்மா தாங்கிக்கிட்டா போதும். நடுவுல இருக்கிற துளை எங்கேன்னு ஆள்காட்டி விரலுக்குத் தெரியும், அதனால கீழ விழாது. திரும்பினா திரும்பட்டும். மூணு பக்கமும் முனைதான்."

அக்கா வாசித்தாள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினைந்து, முப்பது, அறுபது. பிக் திரும்பியது. ஓசை திரும்பவில்லை. அவள் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்ளப் பார்த்து, கை ஒழியாததால் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள். செருப்புக் கடைக்காரர் வாசலில் வந்து நின்று கேட்டுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை முழுவதும் அவள் வீட்டில் அதே பிக்கோடு இருந்தாள். பிடிக்கப் பெரிதாக இருக்கிறது, கை வலிக்கிறது என்று முனகினாள், ஆனால் கீழே வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை அரங்கில் ஆளே இல்லை. விளக்கெல்லாம் அணைத்து, பள்ளத்தில் மட்டும் அந்தச் சின்ன விளக்கு. கோல்காரர் முதல் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். நான் பள்ளத்தின் ஓரத்தில் நின்று அவள் வலது கையை மட்டும் பார்த்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் வாசித்தாள். பிக் நான்கு தடவை திரும்பியது. முதல் தடவை அவள் தோள் இறுகியதைப் பார்த்தேன். இரண்டாவது தடவை தோள் இறுகவில்லை. கதாநாயகி அழும் இடம் வந்தது. அங்கே வாசிக்க வேண்டியது மிகக் கொஞ்சம், ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே நீளமாக இடைவெளி. நாலாவது தடவை பிக் அந்த இடைவெளியில்தான் திரும்பியது. அக்கா குனிந்து பார்க்கவில்லை. அடுத்த தட்டு, விழ வேண்டிய இடத்தில், விழ வேண்டிய பளிச்சென்ற ஓசையோடு விழுந்தது. இவள் என் அக்கா என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அரங்கில் சொல்ல ஆளில்லை.

கோல்காரர் கண்ணைத் திறந்தார். திங்கட்கிழமை வழக்கமான நேரம், வழக்கம்போலத் தாமதமாக வராதீர்கள் என்றார். எழுந்து போகும்போது மட்டும் நின்று, அந்த அழுகிற இடத்தை முன்னெல்லாம் இத்தனை பொறுமையாக வாசிக்க மாட்டீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேராகக் கடைக்குப் போனோம். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே கடைக்காரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் ஐந்து முக்கோணத்துக்குத் துளை போட்டுத் தயாராக வைத்திருந்தார். காகிதமில்லாத அந்த இழுப்பறையை இழுத்து மேசைமேல் வைத்து, ஒரு துண்டுக் காகிதத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். இதை உங்கள் அக்கா என்னவென்று சொல்வார்?

எனக்கு உடனே இரண்டு மூன்று நல்ல சொற்கள் தோன்றின. சொல்லப்போனால் முக்கோணத்துக்கு மிகப் பொருத்தமாகவே ஒன்று தோன்றியது. அக்கா என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

"நீயா ஒண்ணும் எழுத வேண்டாம். மூணு நாள் விட்டியே, அதை எழுது. ஒண்ணையும் விடாம எழுது."

நான் எழுத ஆரம்பித்தேன். இரண்டு சொல்லோடு பேனாவை நிறுத்தினேன். அவள் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அந்த 'டா' எங்கே? அது உனக்குச் சொன்னதுடா."

அதையும் சேர்த்தேன். 'விரலுக்குத் தெரியலடா.' கடைக்காரம்மா காகிதத்தை வாங்கி, பசை தடவி, இழுப்பறையின் நெற்றியில் ஒட்டி, ஓரங்களை நகத்தால் அழுத்தினார். பிறகு எழுத்துகளின் மேல் விரலை ஓட்டியபடி, மூன்று நாள் கேட்டதை வைத்தே அதைத் தமிழில் சொன்னார். அக்கா சொல்கிற அதே ஏற்றம், அதே இறக்கம், கடைசியில் அந்த 'டா'வும் இருந்தது.